சீழ் வராத புண் ஏன் ஆபத்து? உடலுக்குள் செல்கள் நகர்வது எப்படி?

குழந்தை பிறந்த வீட்டில் முதல் சில வாரங்களுக்குத் தினமும் ஒரு கேள்வி கேட்கப்படும். “தொப்புள்கொடி விழுந்துடுச்சா?” பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு வாரங்களில் அது காய்ந்து தானாக விழுந்துவிடும். சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் தள்ளிப்போகும். அதனால் பெரும்பாலும் எந்தப் பிரச்சினையும் இல்லை.

ஆனால், மிக மிக அரிதாக வேறொன்று நடக்கும். மூன்று வாரம் தாண்டியும் கொடி விழாது. அந்த இடம் சிவந்து, தொற்று பரவத் தொடங்கும். ஆனால் துளி சீழ்கூட இருக்காது. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் வெள்ளை அணுக்கள் குறைவாக இல்லை. வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும்.

கிருமியோடு சண்டை போட வேண்டிய செல்கள் ரத்தத்தில் நிரம்பி வழிகின்றன. ஆனால் கிருமி இருக்கும் இடத்துக்கு அவற்றால் போய்ச் சேர முடியவில்லை. காரணம், அந்தச் செல்களின் மேல்தோல் போன்ற சவ்வில் இருக்க வேண்டிய ஒரே ஒரு புரதம் இல்லை.

ஒரு செல் நகர்வது என்பது அவ்வளவு பெரிய விஷயமா? ஆமாம். நம் விரலில் முள் குத்துவதில் தொடங்கி, புற்றுநோய் பரவுவது வரை பல விஷயங்கள் இதில்தான் அடங்கியிருக்கின்றன. கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

மிதப்பது வேறு, நகர்வது வேறு

ரத்தத்தில் இருக்கும் எல்லா செல்களும் ஓடிக்கொண்டேதானே இருக்கின்றன? அது நகர்வு ஆகாதா?

ஆகாது. சிவப்பணு ஆற்றில் விழுந்த இலை மாதிரி. இதயம் தள்ளும் வேகத்தில் அடித்துச் செல்லப்படுகிறது. தானாக ஓர் அடிகூட எடுத்து வைக்காது. ஆனால் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் அப்படியில்லை. தேவைப்பட்டால் ரத்தக்குழாயின் சுவரைப் பிடித்து நிற்கும். சுவரின் இடுக்கு வழியாக வெளியே வரும். பிறகு தசைக்குள் ஊர்ந்து போகும்.

நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை பெரும்பாலும் நியூட்ரோஃபில்கள்தான். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கிறது. அவற்றின் ஆயுள் மிகக் குறைவு. புண்ணில் வரும் சீழ் என்பதே பெருமளவு, வேலையை முடித்துவிட்டு இறந்துபோன நியூட்ரோஃபில்கள்தான். அதாவது, “சீழ் வச்சிருச்சு” என்று நாம் முகம் சுளிக்கும் அந்த விஷயம், செல்கள் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தன என்பதற்கான சாட்சி.

1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோஜர்ஸ் என்பவர் எடுத்த ஒரு சிறிய மைக்ரோஸ்கோப் படம் இன்றும் யூடியூபில் உலவுகிறது. சிவப்பணுக்களுக்கு நடுவே ஒரு நியூட்ரோஃபில், ஒரு பாக்டீரியாவைத் துரத்துகிறது. பாக்டீரியா வளைந்தால் இதுவும் வளைகிறது. கடைசியில் பிடித்து விழுங்குகிறது. கண்ணும் காதும் மூளையும் இல்லாத ஒரு செல், பூனை எலியைத் துரத்துவது போலத் துரத்துவதைப் பார்க்க வியப்பாக இருக்கும்.

ஆனால் அந்தப் படம் வேகமாக ஓட்டிக் காட்டப்படுகிறது. உண்மையில் ஒரு நியூட்ரோஃபில் ஒரு நிமிடத்தில் கடப்பது சுமார் 10 மைக்ரோமீட்டர். கிட்டத்தட்ட தன் உடல் நீளம்தான். ஒரு மில்லிமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

முள் குத்திய நட்சத்திர மீன்

செல்கள் இப்படிக் காயத்தைத் தேடிப் போகின்றன என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர் எலீ மெச்னிகாஃப். ரஷ்யப் பேரரசில் பிறந்த விலங்கியலாளர். 1882-ல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, நட்சத்திர மீனின் லார்வாக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் உடல் கண்ணாடி போல இருக்கும். உள்ளே நடப்பது அப்படியே தெரியும். ஒரு ரோஜா முள்ளை எடுத்து லார்வாவின் உடலில் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தபோது, முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் கூட்டமாகக் குவிந்திருந்தன.

உடல் தன்னைத் தற்காத்துக்கொள்ள செல்களை அனுப்புகிறது என்ற கருத்து அங்கிருந்துதான் வேர்விட்டது. இதற்காக 1908-ல் பால் எர்லிக்குடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் எப்படி நகர்கின்றன என்ற கேள்விக்கு விடை தெரிய இன்னும் பல பத்தாண்டுகள் ஆகின. அதற்கு முதலில் செல்லின் சவ்வு என்னவென்று தெரிய வேண்டியிருந்தது.

சவ்வு என்பது சுவர் இல்லையா?

பள்ளிப் புத்தகத்தில் செல் படம் வரைந்திருப்போம். வெளியே ஒரு வட்டம், உள்ளே நியூக்ளியஸ். அந்த வெளி வட்டம்தான் செல் சவ்வு. படத்தில் அது வீட்டுச் சுவர் மாதிரி உறுதியாகத் தெரியும். நிஜத்தில் அது சுவரே இல்லை.

அதன் தடிமன் 5 முதல் 10 நானோமீட்டர். சுமார் 10,000 சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் அதன் அமைப்பைப் பார்க்க முடியாது. அப்படியிருக்க, 1925-லேயே ஒரு குழந்தை மருத்துவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் இருந்த எவர்ட் கோர்ட்டரும் அவருடைய சகாவான கிரெண்டலும் சிவப்பணுக்களை எடுத்து, அவற்றிலிருந்து கொழுப்பை மட்டும் அசிட்டோனால் பிரித்தார்கள். அந்தக் கொழுப்பைத் தண்ணீரின் மேல், ஒரே ஒரு மூலக்கூறு தடிமனில் பரப்பினார்கள். அது எவ்வளவு இடத்தை அடைத்தது என்று அளந்தார்கள். சிவப்பணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அப்படியென்றால் செல்லைச் சுற்றி கொழுப்பு ஒரு அடுக்காக இல்லை, இரண்டு அடுக்காக இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர்கள் எடுத்த முறையில் கொழுப்பு முழுவதும் பிரிந்து வரவில்லை. சிவப்பணுவின் மேற்பரப்பையும் அவர்கள் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டதால், விடை மட்டும் சரியாக வந்துவிட்டது!

ஏன் இரண்டு அடுக்கு? சவ்விலுள்ள ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறுக்கும் ஒரு தலையும் இரண்டு வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. செல்லுக்கு வெளியேயும் தண்ணீர், உள்ளேயும் தண்ணீர். எனவே தலைகள் இரண்டு பக்கமும் வெளியே பார்த்து நிற்க, வால்கள் நடுவில் ஒளிந்துகொள்கின்றன. இப்படி அடுக்க யாரும் தேவையில்லை. தண்ணீரில் விட்டால் தானாகவே அமைந்துகொள்ளும்.

ரசத்தில் மிதக்கும் எண்ணெய்

ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைக் கரண்டியால் பிரித்தாலும் மறுபடி சேர்ந்துகொள்ளும், இல்லையா? செல் சவ்வும் கிட்டத்தட்ட அப்படித்தான். சின்ன ஓட்டை விழுந்தால் தானாக மூடிக்கொள்ளும். அதிலுள்ள மூலக்கூறுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. பக்கத்து மூலக்கூறுகளை விலக்கிக்கொண்டு சறுக்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பாக்டீரியாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு கொழுப்பு மூலக்கூறு போய்ச்சேர ஏறக்குறைய ஒரு விநாடி போதும்.

இதை அழகாக நிரூபித்தது 1970-ல் நடந்த ஒரு சோதனை. ஃப்ரை, எடிடின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு மனித செல்லையும் ஓர் எலி செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். மனித செல் சவ்வின் புரதங்களுக்கு ஒரு நிறம், எலி செல் சவ்வின் புரதங்களுக்கு வேறொரு நிறம். முதலில் பாதிக்குப் பாதி இரண்டு நிறமாகத் தெரிந்தது. சுமார் 40 நிமிடங்களில் இரண்டும் செல் முழுக்கக் கலந்துவிட்டன. வெப்பத்தைக் குறைத்தால் கலப்பது நின்றுபோனது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1972-ல், சிங்கர், நிக்கல்சன் இருவரும் இதையெல்லாம் சேர்த்து ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். கொழுப்புக் கடலில் புரதங்கள் பனிப்பாறைகள் போல மிதக்கின்றன என்பது அதன் சாரம். ‘பாயும் மொசைக் மாதிரி’ என்று பாடப்புத்தகங்களில் வருவது இதுதான்.

டாக்டர் ரிப்போர்ட்டில் பார்த்துப் பயப்படும் கொலஸ்ட்ராலுக்கும் இங்கே முக்கியமான வேலை இருக்கிறது. கொழுப்பு மூலக்கூறுகளுக்கு இடையே செருகிக்கொண்டு, சவ்வு ரொம்ப இளகிவிடாமலும், குளிரில் இறுகிவிடாமலும் அது பார்த்துக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் முழுக்க இல்லாத மனித செல் இல்லை.

சவ்வு இப்படி இளக்கமாக இருப்பதால்தான் செல்லால் உருவத்தை மாற்ற முடிகிறது. உருவத்தை மாற்ற முடிவதால்தான் நகர முடிகிறது. ஆனால் எண்ணெய்ப் படலம் தானாக எங்கேயும் போகாதே? தள்ளுவது யார்?

எஞ்சின் எங்கே இருக்கிறது?

சவ்வுக்கு உடனே அடியில் இருக்கிறது. அதன் பெயர் ஆக்டின். 1942-ல் ஹங்கேரியில், ஆல்பர்ட் சென்ட் ஜார்ஜியின் ஆய்வகத்தில் ஸ்ட்ராப் என்பவர் தசையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். முதலில் தசைக்கு மட்டுமே உரிய புரதம் என்று நினைத்தார்கள். பிறகுதான் மனித உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் இது இருப்பது தெரிந்தது.

ஆக்டின் சின்னச் சின்ன மணிகள் போன்றது. இந்த மணிகள் வரிசையாகக் கோர்த்துக்கொண்டு இழைகளாகும். ஓர் இழையின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். செல் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கச் சவ்வுக்கு அடியில் இழைகள் மளமளவென்று வளரும். ‘ஆர்ப் 2/3’ என்ற புரதக் கூட்டமைப்பு, இருக்கும் இழையின் பக்கவாட்டில் சுமார் 70 டிகிரி கோணத்தில் புதுக் கிளையைத் தொடங்கிவைக்கும். கிளையிலிருந்து கிளை, அதிலிருந்து இன்னொரு கிளை என்று ஒரு புதரே உருவாகிவிடும். அந்தப் புதர் சவ்வை முன்னால் தள்ளும்.

வெறுமனே மணி கோர்ப்பதால் எப்படித் தள்ள முடியும்? மேட்டில் நின்றுபோன வண்டியைத் தள்ளுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் தள்ள, ஒருவர் கையில் கல்லோடு நிற்பார். வண்டி கொஞ்சம் முன்னால் நகர்ந்ததும் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்துவிடுவார். வண்டி இனி பின்னால் வர முடியாது. மறுபடி தள்ளல், மறுபடி கல்.

சவ்வும் அப்படித்தான். உடல் வெப்பத்தால் அது எப்போதும் முன்னும் பின்னும் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு கணம் அது வெளிப்பக்கம் நடுங்கும்போது, இழைக்கும் சவ்வுக்கும் நடுவே ஒரு மணி நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைக்கும். உடனே ஓர் ஆக்டின் மணி அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். சவ்வு பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. இந்த விளக்கத்தை 1993-ல் பெஸ்கின், ஓடல், ஆஸ்டர் ஆகிய மூவரும் கணிதமாக எழுதிக் காட்டினார்கள். ஒரு மணி என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் ஏராளமான இழைகளில் இது ஒரே நேரத்தில் விடாமல் நடக்கும்போது செல்லின் முன்பக்கம் புடைத்துக்கொண்டு முன்னேறும்.

கட்டுமானப் பொருள் தீர்ந்துவிடாதா? தீராது. இழையின் பின்முனையில் மணிகள் கழன்று, மறுபடி முன்முனைக்கு வந்து கோர்த்துக்கொள்கின்றன. இந்தச் சுழற்சிக்கான எரிபொருள், செல்லின் பொதுவான எரிசக்தியான ஏடிபி.

தென்னை மரம் ஏறுவது போல

முன்னால் தள்ளினால் மட்டும் போதாது. வழுக்கும் தரையில் நின்று சுவரைத் தள்ளினால் நாம்தான் பின்னால் போவோம். காலுக்குப் பிடிமானம் வேண்டும்.

தென்னை மரம் ஏறுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். கையை மேலே நீட்டி மரத்தைப் பிடிக்கிறார். பிடி இறுகியதும் உடலை மேலே இழுக்கிறார். பிறகு காலின் பிடியைத் தளர்த்தி மேலே கொண்டுவந்து மறுபடி ஊன்றுகிறார். பல செல்கள் பரப்பின் மேல் ஊர்வதும் ஏறக்குறைய இதே வரிசையில்தான். நீட்டு, பிடி, இழு, விடு.

அந்தப் பிடியைக் கொடுப்பவை இன்டெக்ரின்கள் எனும் புரதங்கள். சவ்வைத் துளைத்துக்கொண்டு நிற்பவை இவை. ஒரு முனை செல்லுக்கு வெளியே உள்ள பரப்பைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனை உள்ளே ஆக்டின் இழைகளோடு இணைந்திருக்கும். செல்லின் பின்பக்கத்தில் மயோசின் என்ற இன்னொரு புரதம் ஆக்டினை இழுத்துச் சுருக்கும். வாலைப் போன்ற பின்பகுதி பிடியை விட்டு முன்னால் வரும். மயோசின் நம் கை, கால் தசைகளிலும் இதே இழுக்கும் வேலையைத்தான் செய்கிறது.

இன்டெக்ரின்களைக் கண்டறிந்ததற்காக ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ரூஸ்லாட்டி, டிமோதி ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

திசை எப்படித் தெரியும்?

பாக்டீரியாக்கள் புரதம் தயாரிக்கும்போது அதன் முதல் கண்ணியில் ஒரு தனி முத்திரை இருக்கும். ஃபார்மைல் மெத்தியோனின் என்று பெயர். நம் செல்கள் பொதுவாகத் தயாரிக்கும் புரதங்களில் இந்த முத்திரை இருக்காது. கிருமி இருக்கும் இடத்திலிருந்து இந்தத் துண்டுகள் கசிந்து பரவும். பக்கத்தில் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு. நியூட்ரோஃபில்லின் சவ்வில் இதை முகர்ந்து பார்க்கும் ஏற்பிகள் இருக்கின்றன. செல்லின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே இந்த வாசனையில் ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் இருந்தாலே போதும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அது கண்டுபிடித்துவிடும்.

சரி, ஆனால் வாசனை எல்லாப் பக்கமும்தானே கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது? எல்லாப் பக்கமும் ஆக்டின் வளர்ந்தால் செல் ஒரே இடத்தில் உப்பிக்கொண்டு நிற்குமே? ஒரு பக்கம் மட்டும் முன்பக்கம் ஆவது எப்படி?

இந்த இடத்தில்தான் சவ்வு வெறும் உறை இல்லை என்பது தெரியவருகிறது. ஒரு போர்வையின் ஒரு மூலையை இழுத்தால் மற்ற மூலைகளும் விறைக்கும். அதேபோல், செல்லின் ஒரு பக்கம் ஆக்டின் சவ்வைத் தள்ளும்போது சவ்வு முழுக்க இழுவிசை கூடுகிறது. அந்த விறைப்பே மற்ற இடங்களில் புதிதாக ஆக்டின் வளர்வதைத் தடுக்கிறது. “இங்கே ஒருத்தன் வேலையை ஆரம்பிச்சுட்டான், நீங்க சும்மா இருங்க” என்று சொல்வது போல.

2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆரியன் வீனரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. நியூட்ரோஃபில்லின் முன்பகுதி தனியாகவும் உடல் தனியாகவும் பிரிந்து, நடுவில் நூல் போன்ற மெல்லிய சவ்வு மட்டும் இணைத்திருக்கும் நிலையை உருவாக்கினார்கள். முன்பகுதி இழுத்துக்கொண்டு ஓடியது. உடல் சும்மா இருந்தது. அந்த நூலை அறுத்ததும், உடல் தனக்கென்று ஒரு புது முன்பகுதியை உருவாக்கிக்கொண்டது. ரசாயனச் செய்திகள் அந்த மெல்லிய நூல் வழியே அவ்வளவு வேகமாகப் போக முடியாது. செய்தியைச் சுமந்தது சவ்வின் விறைப்புதான்.

இதற்கு எதிர்வாதமும் எழுந்தது. 2018-ல் ஹார்வர்டில் ஆடம் கோஹனின் குழு, சவ்வை ஓரிடத்தில் இழுத்தால் அந்த விறைப்பு சில நிமிடங்கள் ஆனாலும் அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை என்று காட்டியது. காரணம், சவ்வு பல இடங்களில் உள்ளே ஆணியடித்தது போலப் பிணைக்கப்பட்டிருக்கிறது. பிறகு 2023-ல் வந்த ஆய்வு இரண்டையும் சமரசப்படுத்தியது. சவ்வை மட்டும் இழுத்தால் விறைப்பு பரவாது. ஆக்டினும் சேர்ந்து தள்ளினாலோ இழுத்தாலோ செல் முழுக்க விநாடிகளில் பரவிவிடும். அதாவது, சவ்வும் அதன் அடியில் உள்ள எஞ்சினும் தனித்தனி இல்லை.

பிடி கிடைக்காத செல்கள்

இப்போது அந்தத் தொப்புள்கொடிக்கு வரலாம். கொடி காய்ந்து பிரிவதில் நியூட்ரோஃபில்களுக்கும் பங்கு உண்டு. அவை அங்கே போக வேண்டுமென்றால், வேகமாக ஓடும் ரத்தத்திலிருந்து முதலில் இறங்க வேண்டும்.

தொற்று ஏற்பட்ட இடத்துக்கு அருகிலுள்ள ரத்தக்குழாயின் உள்சுவர், செலக்டின் என்ற ஒட்டும் புரதங்களை வெளியே நீட்டும். ஓடிவரும் நியூட்ரோஃபில் அதில் பட்டு, வேகம் குறைந்து, சுவரோரம் உருளத் தொடங்கும். பிறகு அதன் இன்டெக்ரின்கள் விழித்துக்கொண்டு சுவரை இறுகப் பிடிக்கும். செல் நிற்கும், தட்டையாகும், இடுக்கில் நுழைந்து வெளியேறும்.

முதல்வகை ‘வெள்ளை அணு ஒட்டுதல் குறைபாடு’ உள்ள குழந்தைகளுக்கு, அந்த இன்டெக்ரின்களின் ஒரு பாதி மரபணுக் கோளாறால் உருவாவதே இல்லை, அல்லது மிகக் குறைவாக உருவாகிறது. செல்கள் சுவரோரம் உருளும். ஆனால் நிற்க முடியாது. ஓடும் பஸ்ஸின் கம்பியைத் தொட முடிகிறது, பிடித்து ஏற முடியவில்லை என்ற நிலை. அதனால்தான் ரத்தத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, புண்ணில் சீழே வருவதில்லை.

பத்து லட்சம் பிறப்புகளில் ஒன்று என்பது இதற்கான பொதுவான மதிப்பீடு. அரிதுதான். ஆனால் தீவிர வகையில், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதே கடினம். சரியான நேரத்தில் மாற்று சிகிச்சை கிடைத்தால் குணப்படுத்த முடியும். குழந்தையின் சொந்த மூலச்செல்களிலேயே கோளாறைச் சரிசெய்து திருப்பிச் செலுத்தும் மரபணு சிகிச்சையும், சிறிய எண்ணிக்கையிலான குழந்தைகளிடம் நடந்த பரிசோதனையில் நல்ல பலன் தந்திருக்கிறது.

இது பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வரும் நோய். நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளுக்கு வாய்ப்பு கூடுதல். இந்தியாவில் உறவுமுறைத் திருமணங்கள் அதிகம் நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பதால், இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நகரக் கூடாதவை நகர்ந்தால்?

இதுவரை பார்த்தது, நகர வேண்டிய செல் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை. இதற்கு நேரெதிர் சிக்கல் புற்றுநோய். மார்பகத்திலோ குடலிலோ உள்ள செல்கள் சாதாரணமாகப் பக்கத்துச் செல்களோடு ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் வாழ்பவை. புற்றுநோய் செல்கள் அந்த ஒட்டுதலை அறுத்துக்கொண்டு, இதே ஆக்டினையும் இன்டெக்ரினையும் பயன்படுத்தி ஊரத் தொடங்குகின்றன. நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று புது இடங்களில் குடியேறுகின்றன. புற்றுநோய் மரணங்களில் பெரும்பாலானவை முதல் கட்டியால் அல்ல, இப்படிப் பரவுவதால்தான் நிகழ்கின்றன.

அப்போ செல்களின் நகர்வையே மருந்து கொடுத்து நிறுத்திவிடலாமே? எல்லா செல்களும் ஒரே எஞ்சினைப் பயன்படுத்துவதுதான் சிக்கல். ஆக்டினை நிறுத்தினால் இதயத் தசையும் நிற்கும். ஆனால் குறிப்பிட்ட ஒரு பிடியை மட்டும் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் வெள்ளை அணுக்கள் மூளைக்குள் நுழைந்து நரம்புகளைத் தாக்கும். நடாலிசுமாப் என்ற மருந்து ஒருவகை இன்டெக்ரினை மூடி, அவற்றை வாசலிலேயே நிறுத்துகிறது. விலை இல்லாமல் இல்லை. காவலுக்கு வரும் செல்களும் நின்றுபோவதால், மிகச் சிலருக்கு மூளையில் ஒரு வைரஸ் தொற்று தலைதூக்கும் ஆபத்து உண்டு.

தமிழ்நாட்டு வயலில் விளையும் ஒரு மருந்தும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்து எடுக்கப்படும் கோல்ச்சிசின். திண்டுக்கல், திருப்பூர், கரூர் பகுதி விவசாயிகள் ‘கண்வலிக்கிழங்கு’ என்ற பெயரில் பயிரிடுவது இதைத்தான். கவுட் எனப்படும் மூட்டு நோயில், யூரிக் அமிலப் படிகங்களைப் பார்த்து நியூட்ரோஃபில்கள் மூட்டுக்குள் கூட்டமாகப் பாய்வதால்தான் அந்தத் தாங்க முடியாத வலியும் வீக்கமும். கோல்ச்சிசின், செல்லின் உள்ளே உள்ள நுண்குழாய்களைக் கட்டவிடாமல் தடுத்து, அந்தப் பாய்ச்சலை அடக்குகிறது. அதே காரணத்தால் அளவு மீறினால் உயிரைக் குடிக்கும் நஞ்சு. கிழங்கையோ விதையையோ வீட்டு வைத்தியமாகச் சாப்பிடவே கூடாது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்று இதைக் கடந்துவிட முடியாது. காரணம், சர்க்கரை நோய். ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாடின்றி உயர்ந்திருக்கும்போது நியூட்ரோஃபில்கள் திசையறிந்து நகர்வதும், ஒட்டுவதும், கிருமியைக் கொல்வதும் மந்தமாகின்றன. ரத்த ஓட்டமும் நரம்பு உணர்ச்சியும் குறைவதோடு இதுவும் சேர்ந்துகொள்வதால்தான், காலில் பட்ட சின்னக் காயம்கூட ஆறாமல் பெரிதாகிறது. ஐசிஎம்ஆரின் 2023 ஆய்வு முடிவின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

“சீழ் இல்லை, அதனால பயமில்லை” என்ற கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. சர்க்கரை நோயாளியின் காலில் வலியே இல்லாத காயம் இருந்தாலும், சீழ் இல்லாமல் சிவப்பும் வீக்கமும் பரவினாலும் மருத்துவரிடம் காட்டுவதே பாதுகாப்பு. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் செல்களின் செயல்பாடும் ஓரளவு மீள்கிறது.

பச்சிளம் குழந்தைகள் விஷயத்தில் கவனிக்க வேண்டியவை இவை: மூன்று வாரங்களைத் தாண்டியும் தொப்புள்கொடி விழாமல் இருப்பது, தொப்புளைச் சுற்றிச் சிவப்போ வீக்கமோ பரவுவது, திரும்பத் திரும்பத் தொற்று வந்தும் சீழ் பிடிக்காமல் இருப்பது, ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் தொடர்ந்து மிக அதிகமாக இருப்பது. கொடி தாமதமாக விழுவது மட்டும் இருந்தால் பதற வேண்டியதில்லை. கிருமிநாசினி தடவுவதால்கூடத் தள்ளிப்போகலாம். மற்றவையும் சேர்ந்து இருந்தால் தாமதிக்கக் கூடாது. ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற ரத்தப் பரிசோதனையில், வெள்ளை அணுவின் சவ்வில் அந்தப் பிடிப்புப் புரதம் இருக்கிறதா, இல்லையா என்பது தெரிந்துவிடும்.